எக்ஸ்ரேயில் தெரிந்த செல் துண்டு

கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது படிங்க.

உடுமலையில் என் கிளினிக்குக்கு முதுகுவலி என்று ஒரு அம்மா வந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு துண்டு. "அது செல் துண்டு டொக்டர், 2009ல பட்டது" என்றார், சாதாரணமாக. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்.

அன்று ராத்திரி 'நோ ஃபயர் சோன்' படத்தை மறுபடி பார்த்தேன். இலங்கை இறுதிப்போர் பற்றி கேலம் மக்ரே 2013ல் எடுத்த ஆவணப்படம். அதில் நம்மை உலுக்கும் காட்சிகள் டிவி சேனல்காரர்கள் எடுத்தது இல்லைங்க. வெளிப் பத்திரிகையாளர்களை அரசு வன்னிக்குள் விடவே இல்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களும் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். வாசலில் கூடி, போகாதீங்க என்று மக்கள் கெஞ்சியதும் படத்தில் இருக்கிறது. கிளம்பியவர்களில் ஒருவரான பெஞ்சமின் டிக்ஸ் பிறகு 'வன்னி' என்று ஒரு சித்திரக்கதையே எழுதினார்.

அதற்குப் பிறகு உள்ளே இருந்தது சிக்கிக்கொண்டவர்கள் கையில் இருந்த செல்போனும் சின்ன கேமராவும்தான். புலிகள் தரப்பு எடுத்ததும் உண்டு, அதையும் சொல்லிடணும். தப்பி ஓட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதை ஐ.நா. நிபுணர் குழுவும் பதிவு செய்திருக்கிறது.

படத்தைப் பார்க்கிறவங்க, பிணங்களைப் பார்த்துட்டு கண்ணை மூடிடாதீங்க. ஓரத்தில் பாருங்க. கட்டியிருந்த நல்ல சேலைகளைக் கிழித்துத் தைத்து, மண் நிரப்பி, பங்கர் வாசலில் அடுக்கியிருப்பார்கள். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு குடும்பம். கஞ்சிக்கு வரிசை. இதே மக்கள் ஊர் ஊராகப் பலமுறை இடம்பெயர்ந்து, கடைசியில் கடலோரம் ஒரு மணல் திட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

ஒரு டாக்டராக எனக்குத் தாங்காத இடம் ஆஸ்பத்திரிதான். புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. மயக்க மருந்து இல்லாமல் கை கால்களை வெட்டி எடுத்தார்கள். ரத்தம் இல்லாததால், நோயாளியிடமிருந்து வடிந்த ரத்தத்தையே துணியில் வடிகட்டித் திரும்ப ஏற்றினார்கள். எங்க காலேஜில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

மருந்து ஏன் இல்லை? உள்ளே இருப்பது 70,000 பேர்தான் என்று அரசு கணக்குச் சொன்னது. போர் முடிந்து வெளியே வந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்களோ 2,80,000க்கும் மேல். ஒரு எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் எத்தனை பாட்டில் மருந்து குறையும் என்று நீங்களே கணக்குப் போடுங்க.

அங்கிருந்து சாவு எண்ணிக்கையை வெளியுலகுக்குச் சொன்னவர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா போன்ற அரசு டாக்டர்கள். 2009 மே மாதம் கைது செய்யப்பட்டார்கள். ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார வைக்கப்பட்டார்கள். நாங்கள் முன்பு சொன்னது மிகை, இறந்தது 650 முதல் 750 பேர்தான் என்றார்கள். ஆகஸ்டில் ஜாமீன் கிடைத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் இன்னும் குறைவாகவே சொல்லியிருப்பேனோ என்னவோ. பின்னாளில் வரதராஜா வெளிநாட்டிலிருந்து, அது நெருக்கடியில் சொன்னது என்றார்.

40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது 2011 ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. டாக்டர்களின் வாயை மாற்ற முடிந்தது. ஏற்கெனவே வெளியே போய்விட்ட வீடியோக்களை மாற்ற முடியவில்லை.

நம்ம ஊர் சென்சாரும் ஒரு கை பார்த்தது. அண்டை நாட்டு உறவு கெடும் என்று 2014ல் சான்றிதழ் மறுத்தார்கள். மக்ரே இந்தியர்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது, படம் பார்த்திருக்கீங்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. "பலதரம் பார்த்தனான் டொக்டர். கஞ்சி லைன் வாற இடத்தில நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்ப்பன். தம்பி அதில நிக்கிறானோ எண்டு."

வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். துண்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.