கடதாசி பகிர்பவரின் இறுதிச்சொல்: கற்பிட்டிக் கரையோரமும் முந்நூற்று நான்கு ஆட்டமும்

புத்தளம் கரையோரத்தின் வரலாற்றை எழுதியோர் கோட்டை, உப்பு, முத்து ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் பேசினர். அங்கு வாழ்ந்த மக்கள் ஓய்வுவேளையில் என்ன செய்தனர் என்னும் வினா ஆய்வுக்குரியதாகக் கருதப்பட்டதில்லை. சீட்டாட்டத்தைச் சோம்பேறிகளின் தொழிலென ஒதுக்கும் நடுத்தர வர்க்க ஒழுக்கநோக்கு இதற்கு ஒரு காரணம் எனலாம். ஆயின், ஏட்டில் ஏறாத மக்கள் தொடர்புகளுக்கு ஆட்டச் சொற்களே சிலவேளை சான்றாகின்றன.

ஒல்லாந்தர் 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றினர். 1667இல் தொடங்கிய கோட்டைப் பணி 1676இல் நிறைவுற்றது. புத்தளம் கடனீரேரியின் வாயிலைக் காத்து, கண்டி அரசின் கடல்வாணிகத்தை நெருக்குவதே அதன் நோக்கம். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு முன் இக்கரையில் இருந்தோர் போர்த்துக்கேயர்.

இவ்விரு ஆட்சிகளின் சுவடுகளும் சீட்டுக்கட்டில் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. ‘கடதாசி’ போர்த்துக்கேயச் சொல். ‘துரும்பு’ என்பதனையும் அம்மொழியின் ‘துருன்ஃபோ’வுடன் இணைத்து நோக்கலாம். ஆனால் நிறப்பெயர்களின் கதை வேறு. ஆடுதன், உருவிதன், கலாவரை, இஸ்கோப்பன் என இடத்துக்கிடம் ஒலி சற்றே மாறி வழங்கும் பெயர்கள் ஹார்ட்டன், ராய்ட்டன், கிளாவரன், ஸ்கோப்பன் என்னும் ஒல்லாந்தப் பெயர்களே. போர்த்துக்கேயர் அவற்றைக் கோப்பாஸ், ஓரோஸ், பாவுஸ், எஸ்பாதாஸ் என்பர். நம் சீட்டின் நிறங்கள் போர்த்துக்கேயர் தந்தவை எனக் கூறுவோர் இவ்வேறுபாட்டினை நோக்குதல் வேண்டும். காவற்படையினர், பண்டகசாலை எழுத்தர், படகோட்டிகள் ஆகியோரின் கூட்டுறவே இச்சொற்களுக்கு வழியாயிற்று என்பது எமது கருத்து.

ஆட்டத்தின் மூலத்தைப் பற்றி அத்துணை உறுதியாகப் பேசுதல் தகாது. ‘ஜாக்’ முதலிடமும் ஒன்பது இரண்டாமிடமும் பெறும் முறை, ஒல்லாந்தத் தொடர்புடைய யாஸ் ஆட்டத்தின் துரும்பு வரிசையிலும் உண்டு. ஆனால் அவ்வாட்டத்துக்குச் சுவிற்சர்லாந்தில் கிடைக்கும் பழைய சான்று 1796ஆம் ஆண்டினது. உறவு உண்டு, வம்சாவளி வரைய அது போதாது.

முந்நூற்று நான்கில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 புள்ளிகள். ஒரு நிறத்துக்கு 76; நான்குக்கும் 304. குறைந்த கேள்வி 160. அதாவது பாதியாகிய 152ஐச் சற்றே தாண்டியது. எதிரெதிரே இருப்போர் கூட்டாளிகள். பகிர்பவர் முதலில் நான்கு நான்காகக் கொடுப்பார். அவரது வலப்பக்கத்தவர் முதலில் கேட்பார். அடுத்துக் கூட்டாளி, பின் இடப்பக்கத்தவர், ஈற்றில் பகிர்பவர். முதற்சுற்றில் இறங்கும் முறையும் இதுவே.

ஆகவே பகிர்பவருக்குக் கிடைக்கும் அனுகூலம் சீட்டில் இல்லை, செவியிலேயே உள்ளது. கூட்டாளி கேட்டிருப்பின், தம் கை மிக வலியதாயினன்றி அவர் மேலேற்றுதல் வீண். தம் அணியின் பாரத்தையே அவர் கூட்டுகிறார். இடப்பக்கத்தவர் கேட்டிருப்பின் நிலைமை வேறு. ஒரே நிறத்தில் ஜாக்கும் ஒன்பதும் கையிலிருந்தால் அவ்விரண்டிலேயே 50 புள்ளி உண்டு. அப்போது எதிர்த்துக் கேட்கத் துணியலாம். துரும்பைக் கேட்டவர் கவிழ்த்து வைத்திருக்கும் முதற்சுற்றிலும், மூவர் இட்டதைக் கண்ட பின்னரே பகிர்பவர் தம் சீட்டை இடுகிறார்.

யப்பானிய மாஜோங்கில் இந்நிலை தலைகீழாகின்றது. அங்கு ‘ஓயா’ எனப்படும் பகிர்பவரே முதலில் ஆடுகிறார். வென்றால் ஒன்றரை மடங்கு பெறுவார். பதவியும் அவரிடமே நிற்கும். பிறரொருவர் தாமே எடுத்த கட்டையால் வென்றால், மற்ற இருவரினும் இருமடங்கு கொடுப்பவரும் அவரே. அதனால் அவர் விரைந்து வெல்ல முயல்வார். முந்நூற்று நான்கிலோ பகிர்பவருக்குத் தனி ஊதியம் இல்லை. வென்றாலும் தோற்றாலும் கட்டு வலப்பக்கத்தவர் கைக்குப் போய்விடும்.

மாஜோங் சீனத்திலிருந்து யப்பானுக்குச் சென்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. அதற்கு நெடுங்காலம் முன்பே யப்பானியர் போர்த்துக்கேயரின் ‘கார்த்தா’வைக் ‘கருத்தா’ ஆக்கிக்கொண்டனர். கற்பிட்டியில் கோட்டை கட்டிய அதே ஒல்லாந்தக் கம்பனிக்கு 1641 முதல் நாகசாகியின் தேஜிமாவிலும் பண்டகசாலை இருந்தது. ஆயினும் யப்பானியரின் சீட்டுச்சொல் போர்த்துக்கேயமாகவே நின்றது. எம் கரையில் நிறங்கள் ஒல்லாந்தப் பெயர் பெற்றன.