இரண்டு வாரமும் இரண்டு நாளும்

டிக்கெட் வாங்குகிற சிரமமில்லாமல் ஊர் சுற்றுவதற்கு அட்லஸைப் போன்ற சாதனம் வேறொன்று கிடையாது. எனக்கு அதில் வடக்குக் கோடியின் மேல் ஒரு மோகம். மேலே போகப் போக ஊர்களின் பெயர்கள் குறைந்து, வெறும் ஏரிகளும் ஆறுகளுமாக ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் தனியாக நிற்கும் ஓர் ஊருக்கு மார்கழி, தை மாதத்தில் போவதென்றால் எப்படிப் போவது? ஒரே தாவலில் போய்விட முடியாது. எங்கே இறங்குவது, எங்கே பெட்ரோல் போடுவது, எங்கே இரவைக் கழிப்பது என்று ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டும். இந்த யோசனையையெல்லாம் ஒரே இரவில் முடித்தாக வேண்டிய நிலைமை ஒரு மனிதருக்கு ஏற்பட்டது. 1929-ஆம் வருஷம், ஜனவரி முதல் தேதி, கானடா தேசத்து எட்மன்டன் நகரத்தில்.

அவர் பெயர் வில்ஃப்ரிட் மே. ஊரார் 'வாப்' மே என்பார்கள். பெயரைச் சரியாகச் சொல்ல வராத ஒரு குழந்தை வைத்த பெயர்! முதல் உலக யுத்தத்தில், 1918 ஏப்ரல் 21-ஆம் தேதி, ஜெர்மனியின் 'சிவப்புப் பிரபு' ரிஷ்டோஃபன் கடைசியாகத் துரத்திய விமானி இவர்தான். துரத்தியவர் அன்று குண்டுபட்டு மாண்டார், துரத்தப்பட்டவர் தப்பினார். சுட்டது யார் என்று இன்னும் சர்ச்சை நடக்கிறது. அது நமக்கு இப்போது வேண்டாம்.

ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடக்கே, பீஸ் நதிக்கரையில் ஃபோர்ட் வெர்மிலியன் என்று ஓர் ஊர். 1788-ல் மிருகத் தோல் வியாபாரத்துக்காக ஏற்பட்டது. அங்கே டாக்டர் ஹாமன் என்றொரு வைத்தியர் இருந்தார். 1928 டிசம்பரில், ஆற்றில் இன்னும் கீழே லிட்டில் ரெட் ரிவர் என்ற இடத்தில், ஹட்ஸன்ஸ் பே கம்பெனி ஊழியர் ஒருவரைப் பார்க்கப் போனார். டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான். சுற்றுவட்டாரத்துக்கே பரவினால் என்ன ஆகும் என்பது வைத்தியருக்குத் தெரியும். முறிமருந்தோ போதுமான அளவு கையில் இல்லை. ரயிலும் தந்தியும் பீஸ் ரிவர் பட்டணத்தோடு சரி. அவர் ஒரு கடிதம் எழுதி லாம்பர்ட், லாஃப்ளூர் என்ற இருவரிடம் கொடுத்தார். அவர்கள் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் புறப்பட்டார்கள்.

பீஸ் ரிவர் நேர்கோட்டில் அளந்தாலே 150 மைலுக்கு மேல். ஆறோ நேர்கோட்டில் ஓடுகிற ஆறு அல்ல. டிசம்பர் 18-ஆம் தேதி எழுதிய கடிதம் புது வருஷத்தன்றுதான் தந்தி ஆபீஸை அடைந்தது. அங்கிருந்து எட்மன்டனுக்குச் செய்தி பறந்தது. மாகாணச் சுகாதார இலாகாவின் டாக்டர் போ, வாப் மேயைக் கூப்பிட்டுக் கேட்டார். மே சம்மதித்தார். கூட வர விக் ஹார்னர் என்ற விமானியும் சம்மதித்தார்.

எந்த விமானத்தில் என்று கேளுங்கள். ஏவ்ரோ ஏவியன், மரச்சட்டமும் துணியும் கொண்டது, எஞ்சின் 75 குதிரைச் சக்தி, மேலே மூடி கிடையாது. பனியில் இறங்குவதற்குச் சக்கரங்களுக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகள் வேண்டும். அவையும் அதற்கு இல்லை. பாரன்ஹீட் கணக்கில் சைபருக்குக் கீழே முப்பது டிகிரி என்பது அந்தப் பக்கத்து ஜனவரியில் அதிசயமல்ல. அதில் திறந்த விமானத்தில் காற்று முகத்தில் அடிக்கப் பறப்பதென்றால், வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சமோ ஆறேழு மணி நேரந்தான். எஞ்சின் எண்ணெய் குளிரில் களிம்பு மாதிரி இறுகிவிடும். வடக்கத்தி விமானிகள் இரவில் அதை வடித்து வைத்து, காலையில் அடுப்பில் சூடாக்கி ஊற்றுவது வழக்கம்.

எல்லாவற்றையும்விட விசித்திரமான பிரச்னை மருந்துதான். அது உறையக்கூடாது. ஆகவே அதைக் கம்பளியில் சுற்றி, பக்கத்தில் ஒரு சின்னக் கரிக் கணப்பு வைத்துக் கட்டினார்கள். பெட்ரோல் நிரப்பிய மரத் துணி விமானத்துக்குள் தணல்! இந்த ஏற்பாட்டை ஒரு கதையில் எழுதினால் பத்திராசிரியர் நம்ப மாட்டார்.

ஜனவரி 2-ஆம் தேதி பிற்பகல் கிளம்பினார்கள். இருட்டிவிடவே மக்லென்னன் என்ற ஊரில் இறங்கி இரவு தங்கினார்கள். மறுநாள் பீஸ் ரிவர், அங்கே பெட்ரோல். பிறகு கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே பறந்து, 3-ஆம் தேதி பிற்பகல் ஃபோர்ட் வெர்மிலியனில் மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். நோய் பரவாமல் நின்றது. குளிர் கடித்த முகங்களோடு அவர்கள் எட்மன்டன் திரும்பியபோது ஆயிரக்கணக்கான ஜனங்கள் விமான நிலையத்தில் திரண்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் முற்றிலும் பாத்திரமானவர்களே.

ஆனால் எனக்கு மனசு அடிக்கடி அந்தக் குதிரை வண்டிக்குத்தான் போகிறது. மருந்து போய்ச் சேர இரண்டு நாள். மருந்து வேண்டும் என்ற சொல் வந்து சேர இரண்டு வாரம். முதலில் படுத்த அந்தக் கம்பெனி ஊழியர் மருந்து வருமுன்பே இறந்துவிட்டார். விமானம் இன்னும் வேகமாகப் பறந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது.

இதற்கு நேர்மாறான கதை நாலு வருஷம் முந்தி அலாஸ்காவில் நடந்தது. 1925 ஜனவரியில் நோம் என்ற ஊரில் இதே டிப்தீரியா. அங்கே தந்தி வசதி இருந்தது; செய்தி உடனே வெளியே போய்விட்டது. விமானம் அனுப்பலாம் என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன. ஃபேர்பாங்க்ஸ் நகரத்தில் விமானங்கள் இருக்கவும் இருந்தன. ஆனால் குளிர்காலத்துக்காகப் பிரித்துப் போடப்பட்டிருந்தன. கவர்னர் ஸ்காட் போன், நாய்வண்டிகளே போகட்டும் என்று தீர்மானித்தார். இருபது வண்டியோட்டிகள் 674 மைலை ஐந்தரை நாளில் கடந்து 3,00,000 யூனிட் மருந்தைச் சேர்த்தார்கள். பால்டோ என்ற நாய்க்கு நியூயார்க்கில் சிலை இருக்கிறது. அவர் கோழைத்தனமாக முடிவு செய்தார் என்று சிலர் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். விமானம் வழியில் விழுந்தால் மருந்தும் போய்விடும். நாய்வண்டி ஒன்று நின்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். வாப் மே செய்தது சாகசம். கவர்னர் செய்தது திட்டம். இரண்டுமே அந்தந்த இடத்தில் பலித்தன.

மே தம்முடைய பிரயாணத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டார். அந்த வருஷ டிசம்பரிலேயே அவருடைய கம்பெனி, மூடிய அறையும் சறுக்குக் கட்டைகளும் உள்ள விமானங்களில், ஃபோர்ட் மக்மரியிலிருந்து மக்கென்ஸி நதியோரமாக ஊர் ஊராக இறங்கி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் உள்ள அக்லாவிக் வரைக்கும் தபால் கொண்டுபோகத் தொடங்கியது. அதுவரையில் நாய்வண்டிக்காகக் காத்திருந்த ஊர்களுக்கு நடுக்குளிரில் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்து இறங்கின. அவற்றில் ஏராளமானவை தபால்தலை சேகரிப்பவர்கள் முத்திரைக்காகத் தங்களுக்கே அனுப்பிக்கொண்ட உறைகள்.