பிடி தளராத கைகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் பெருநோய் கண்டு வீட்டை விட்டு அனுப்பப்பட்டவர்கள் பலர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம், செங்கல்பட்டை அடுத்த திருமணி. ஸ்காட்லாந்து மிஷனரிகள் நடத்திய தொழுநோய் மருத்துவமனை அங்கே இருந்தது.

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை ஹான்சன் என்ற மருத்துவர் 1873-இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் இங்கே அது முன்வினைப் பயன், ஐரோப்பாவில் ஆண்டவரின் தண்டனை என்ற பேச்சு நிற்கவில்லை. 1898-இல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. அது அமலான பகுதிகளில், தொழுநோய் பிடித்த ஏழை என்று பார்வைக்குத் தெரிந்தாலே போதும், போலீஸ்காரர் வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், தின்பண்டம் விற்கவும், வாடகை வண்டியில் ஏறவும் தடை விதிக்கலாம். ரயில் பெட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு.

1947-இல் திருமணிக்கு ஒரு விருந்தாளி வந்தார். கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட். மருத்துவமனைத் தலைவர் ராபர்ட் காக்ரேன் அவரை வளாகம் முழுக்க அழைத்துக் காட்டினார். விரல்கள் மடங்கிப் போன ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடியில் பிராண்டுக்கே வலித்தது. செத்துப்போனதாக எல்லோரும் முடிவுகட்டிய கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன.

அதுவரை எத்தனையோ மருத்துவர்கள் அந்தக் கைகளைப் பார்த்திருந்தார்கள். இப்படிப் பற்றிப் பார்த்தவர்கள்தான் அரிது. குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கிய இயேசுவின் கதை கிறிஸ்தவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்த நோயாளிகளைச் சேர்த்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் மிஷன் மருத்துவமனைகளையும் விடவில்லை. பிறனை நேசி என்ற கட்டளை, அதைப் போதித்தவர்களுக்கே கடினமான பாடமாக இருந்தது.

விரல்கள் ஏன் குறைகின்றன? சதை தானாக அழுகி உதிர்கிறது என்றே மருத்துவ உலகமும் நம்பியது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகினான். பூட்டு திறந்தது. அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. காரணம் அங்கேதான் இருந்தது. வலி தெரியாததால் காயம், கவனிக்காததால் புண், புண் முற்றி விரல் போகிறது. இரவில் எலி கடித்தும் விரல் போவது தெரிந்ததும், நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்!

1948-இல் வேலூரில் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை தொடங்கியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் ஊர் மனம் நிமிரவில்லை. கை நேரானதால் பிச்சைகூடக் குறைந்துவிட்டது, வேலையும் கிடைக்கவில்லை என்று ஒரு நோயாளி வந்து சொன்னார். அதன்பின் தச்சு போன்ற கைத்தொழில்கள் கற்றுத்தரப் 'புதுவாழ்வு மையம்' எழுந்தது. 1955-இல் காட்பாடி அருகே கரிகிரி மருத்துவமனை வந்தது. கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்.

அந்த 1898 சட்டம் நீக்கப்பட்டது 2016-இல்தான். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு திருமணச் சட்டங்களில் 2019 வரை நீடித்தது.

கூட்டு மருந்து சிகிச்சையில் இந்த நோய் முழுவதும் குணமாகிறது. தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் உங்களுக்கோ உங்கள் தெருவில் யாருக்கோ தெரிந்தால், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். தனியே போகத் தயங்குகிறவர் என்றால், கூடப் போங்கள்.