தொழிலாளர் மன்றமும் மாமியார் பகிடியும்

சிரிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு சமுதாயம் யாரை அடக்கிவைத்திருக்கின்றது, யாருக்கு உள்ளூர அஞ்சுகின்றது என்பதை அதன் சட்டநூல்களிலும் பார்க்க அதன் பகிடிகள் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. சட்டம் இயற்றுபவன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து எழுதுகின்றான். பகிடி கூறுபவனோ, 'விளையாட்டுக்குத்தானே சொன்னேன்' என்று பின்னர் கூறித் தப்பிக்கொள்ளலாம் என்ற துணிவோடு மனத்தில் உள்ளதை அப்படியே வெளியிடுகின்றான்.

ஒலிவாங்கியின் முன்னே ஒருவர் தனித்து நின்று அவையோரைச் சிரிக்கவைக்கும் கலை இன்று 'ஸ்ரான்ட் அப் கொமெடி' என்ற பெயரில் உலகெங்கும் பரவியிருக்கின்றது. அம்மேடையிலே பெண்களை இழிவுபடுத்திக் கூறப்படும் பகிடிகள் பற்றிய விவாதமும் ஓய்ந்தபாடில்லை. கலைஞனின் சுதந்திரம் என்று ஒரு சாராரும், பெண்ணின் மானம் என்று மறு சாராரும் வாதிடுகின்றனர். இப்பகிடிகள் எந்த மண்ணில் முளைத்தன, யாருக்குப் பயன்பட்டன என்ற கேள்வி இவ்விவாதத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது. அதற்கு விடை காண்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். ஏனெனில், அங்கே இப்பகிடி செழித்து வளர்ந்தது பிரபுக்களின் மாளிகைகளில் அன்று; தொழிலாளர் தமக்கெனக் கட்டியெழுப்பிய மன்றங்களிலேயாம். முற்போக்காளராகிய நமக்கு இது உவப்பான செய்தியன்று. ஆயினும் உவப்பற்றதை மூடிமறைப்பது வரலாறு எழுதுபவனின் பணியாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் கைத்தொழில் நகரங்களில் 'மியூசிக் ஹோல்' எனப்பட்ட கேளிக்கை அரங்குகள் பெருகின. நாள் முழுதும் ஆலையில் உழைத்துக் களைத்தவர்கள் சில பென்சுகளைக் கொடுத்து அங்கே பாட்டும் ஆட்டமும் பகிடியும் கண்டு களித்தனர். நச்சரிக்கும் மனைவி, எல்லாவற்றிலும் தலையிடும் மாமியார், மாப்பிள்ளை கிடைக்காத முதிர்கன்னி ஆகிய மூவரும் அவ்வரங்குகளின் நிலையான கேலிப் பாத்திரங்களாயினர். அக்காலச் சட்டத்தையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். மணமான பெண் தன் சொத்தைத் தானே உடைமையாக வைத்திருக்கும் உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே உறுதியாயிற்று. மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களிற் கணவனுக்கும் மனைவிக்கும் சமத்துவம் 1923இலேயே வந்தது. சட்டத்தின் முன் வாய்திறக்க வகையற்றிருந்தவளையே மேடை 'வாயாடி' என்று பழித்தது.

அவ்வரங்குகளின் பேரரசியாக விளங்கியவர் மேரி லொயிட். 1907இல் அரங்கக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தாம் உயர்ந்த ஊதியம் பெறுபவராயிருந்தும், குறைந்த ஊதியம் பெற்ற கலைஞர்களின் பக்கம் நின்றவர் அவர். ஆனால் இல்லத்திலே கணவனிடம் அடியுண்டு வாழ்ந்தார். 1920இல் அக்கொடுமை நீதிமன்றம் வரை சென்றது. 1922ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத் தொடக்கத்தில், நோயுற்ற நிலையில், வைத்தியரின் சொல்லையும் கேளாது வட இலண்டனில் எட்மன்ரன் அரங்கிலே மேடையேறினார். அன்று அவர் பாடியது, வாழ்வில் அடிபட்டுச் சிதைந்த குடிகாரப் பெண்ணொருத்தியின் வேடிக்கைப் பாட்டு. பாடும்பொழுதே கால் தள்ளாடி விழுந்தார். அவையோர் அதுவும் நடிப்பென்றே எண்ணி ஆரவாரித்துச் சிரித்தனர். சில நாள்களில், 52ஆவது வயதில், அவர் இறந்தார்.

அந்த அவையோர் கொடியவர்கள் அல்லர். அவரை உயிரென நேசித்த உழைக்கும் மக்கள் அவர்கள். அவருடைய இறுதி ஊர்வலத்திற் பல்லாயிரவராய்த் திரண்டு அழுதவர்களும் அத்தகையோரே. எனினும், அடிபட்ட பெண் சிரிப்புக்குரியவள் என்று நெடுங்காலமாகப் பழக்கப்பட்ட கண், உண்மையான வீழ்ச்சியைக் கண்டபோதும் அதனை அறிந்துகொள்ளவில்லை.

மியூசிக் ஹோல்கள் சினிமாவின் வரவால் நலிவுற்றபின், பகிடிக்காரர்களுக்குப் புகலிடமாக அமைந்தவை தொழிலாளர் மன்றங்களாகும். 1862இல் ஹென்றி சொலி என்ற சமயகுரு, தொழிலாளரை மதுக்கடையிலிருந்து வாசிப்புக்கும் நல்ல பொழுதுபோக்குக்கும் திருப்பும் நோக்கத்தோடு இம்மன்றங்களின் ஒன்றியத்தைத் தொடக்கிவைத்தார். காலப்போக்கிற் கனவான்களின் மேற்பார்வையை உதறித் தொழிலாளரே நிருவாகத்தைத் தம் கையில் எடுத்தனர். மதுவும் உள்ளே வந்தது. 1970களில் ஏறத்தாழ 4,000 மன்றங்கள் அவ்வொன்றியத்தில் இணைந்திருந்தன. முதலாளியின் தயவின்றி, தமது சந்தாப் பணத்திலே தொழிலாளர் நடத்திய நிறுவனங்கள் என்ற வகையில் அவை பெருமைக்குரியனவே. ஆயினும், மன்றங்கள் பலவற்றில் ஒரு பெண் முழு அங்கத்தவராக முடியாது. வார இறுதி இரவுகளிற் கணவனின் விருந்தாளியாகக் கலைநிகழ்ச்சி காண அவள் வரலாம். வாக்களிக்கவோ நிருவாகத்திற் பங்குகொள்ளவோ முடியாது. ஆண்களுக்கென ஒதுக்கப்பட்ட மதுக்கூடத்தில் அவள் காலடி வைக்கவும் இயலாது.

இத்தகைய மண்டபத்திலேதான் மாமியார் பகிடி கோலோச்சியது. மாமியாரின் உருவம், அவளது நாக்கு, அவள் வந்தால் திரும்பிப் போகமாட்டாள் என்பது — இவையே திரும்பத் திரும்ப வந்த பொருள்கள். இவ்வளவு வெறுப்பு மாமியார் மீது ஏன் பாய்ந்தது? 1957இல் மைக்கல் யங், பீற்றர் வில்மொற் என்ற ஆய்வாளர் இருவர் கிழக்கு இலண்டனின் பெத்னல் கிரீன் பகுதித் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட நூல் இதற்கு விளக்கம் தருகின்றது. போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் நிலவியமையால், புதுமணத் தம்பதியர் பலர் பெண்ணின் பெற்றோர் வீட்டிலேயே வாழ்க்கையைத் தொடங்கினர். வாடகை வசூலிப்பவரிடம் மகளுக்காகப் பரிந்து பேசி வீடு பெற்றுக் கொடுத்தவள் தாய். மகள் வேலைக்குச் சென்றபோது பிள்ளைகளைப் பார்த்தவளும், பிரசவத்திலும் பிணியிலும் துணைநின்றவளும் அவளே. கணவனின் ஊதியம் நின்றாலும், கணவனே இறந்தாலும், பெண்ணுக்கு எஞ்சியிருந்த ஆதரவு இத்தாய்வழி உறவுதான். இதனைப் பெண்களின் ஒருவகைத் தொழிற்சங்கம் என்றே அவ்வாய்வாளர் கருதினர்.

இவ்வொப்புமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஆலையிலே சங்கம் அமைத்தவனைக் குழப்பக்காரன் என்று முதலாளி பழித்தான். வீட்டிலே மகளின் பக்கம் நின்று வாதாடிய முதியவளை வாயாடி என்று தொழிலாளி பழித்தான். மாமியார் பகிடி உண்மையில் பெண்களின் சங்கத்தை எதிர்த்து எழுந்த பகிடியாகும். நச்சரிக்கும் மனைவி பற்றிய பகிடியும் இத்தன்மையதே. கணவன் வாரந்தோறும் எவ்வளவு கூலி பெற்றான் என்பதையே அறியாத மனைவியர் பலர் இருந்தனர். கூலி உறையிலிருந்து அவன் எடுத்துக் கொடுத்ததை வைத்து வாடகையும் உணவும் உடையும் கண்டாக வேண்டும். போதாதபோது அவள் கேட்டாள். அக்கேள்வி, ஆலை வாயிலிற் கேட்கப்பட்டால் கூலிப் போராட்டம். அடுக்களையிற் கேட்கப்பட்டால் நச்சரிப்பு. கூலியைக் குறைத்தவன் மேடைக்கு வரவேயில்லை. அவன்மேற் செல்லவேண்டிய சினம், பகிடியின் வழியாகத் திரும்பி, அதே மேசையில் அருகே அமர்ந்திருந்தவள் மீது பாய்ந்தது. இதனால் இலாபமடைந்தவன் யாரென்று கூறவும் வேண்டுமோ?

'பெண்களுந்தானே உடனிருந்து சிரித்தனர்?' என்று சிலர் கேட்பர். உண்மை, சிரித்தனர். உயர்தர வகுப்பிலே தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நான் கற்பித்தபொழுது, நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று என்பதையும், அவ்வெள்ளலைத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் எனப் பேராசிரியர் இருவகையாகக் கொண்டதையும் கூறினேன். எள்ளப்பட்டவர் ஏன் சிரிக்கவேண்டும் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அன்று உரையாசிரியர் கூற்றை மீண்டும் விளக்கினேனேயன்றி அவளுக்கு விடை கூறினேனல்லேன். இப்பொழுது கூறுவதானால் இதைத்தான் கூறுவேன்: விருந்தாளியாக வந்தவள், வாக்குரிமை இல்லாத மண்டபத்தில், தன்னை அழைத்துவந்தவனின் தோழர்கள் நடுவே அமர்ந்துகொண்டு சிரிக்காதிருக்க முடியாது. சிரிக்க மறுத்தால், பகிடியில் வரும் சிடுசிடுப்புக்காரி இவளே என்பது உறுதியாகிவிடும். அச்சிரிப்பைச் சம்மதம் எனக் கொள்வது, கூலிக்குக் கையொப்பமிட்ட தொழிலாளி சுரண்டலுக்குச் சம்மதித்தான் என்பதை ஒக்கும்.

1971ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இம்மன்றங்களின் பகிடிக்காரர்களைத் திரட்டி, கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் 'தி கொமெடியன்ஸ்' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. மேடையேறியோர் ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். மன்செஸ்ரரிற் சொந்தக் கேளிக்கைக் கூடம் நடத்திய பேர்னாட் மனிங் போன்றோர் இதனாற் பெரும்புகழ் எய்தினர். பெண்களை மட்டுமன்றிக் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஐரிஷ் மக்களையும் இழிவுபடுத்தும் பகிடிகள் வீடுதோறும் நுழைந்தன. தொழிலாளர் மன்றத்துச் சரக்கு முதலாளித்துவத் தொலைக்காட்சியின் விற்பனைப் பண்டமாயிற்று. அதே 1971இலேதான், இலண்டனின் சிசிக் பகுதியில், கணவரிடம் அடியுண்ட பெண்களுக்கான அடைக்கல இல்லத்தை எரின் பிசி என்பவர் தொடங்கினார். அவ்வில்லம் விரைவிலேயே நிரம்பி வழிந்தது. வீட்டு வன்முறைக்கு எதிரான தனிச்சட்டம் 1976இலே வந்தது. மனைவியைப் பலாத்காரம் செய்வதும் குற்றமே என இங்கிலாந்தின் உயர்நீதிபீடம் தீர்ப்பளித்தது 1991இலேயாகும்.

மாற்றம் மேடைக்குள்ளிருந்தே எழுந்தது. 1979 மே மாதம் இலண்டனின் சோஹோ பகுதியில் 'கொமெடி ஸ்ரோர்' திறக்கப்பட்டது. அதன் முதல் அறிவிப்பாளர் அலெக்ஸி செயில், லிவர்பூலைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தொழிலாளர் குடும்பத்தின் மைந்தர். அவரும் ரொனி அலன் முதலியோரும் இனவெறிப் பகிடியும் பெண்ணிழிவுப் பகிடியும் இல்லாத நகைச்சுவை என்பதைக் கொள்கையாகவே முன்வைத்தனர். இக்கூடம் இயங்கியது பெண்கள் ஆடைகளைந்து ஆடும் விடுதியொன்றின் மாடியில் என்பதையும் மறத்தலாகாது. கொள்கை மேலே, வியாபாரம் கீழே! தொடக்கத்தில் அம்மேடையேறிய பெண்களும் மிகச் சிலரே. ஆயினும் திறந்த கதவு திறந்ததுதான். டோன் பிரெஞ்ச், ஜெனிபர் சோண்டர்ஸ் ஆகியோரும், பின்னர் மனநோய் மருத்துவமனைத் தாதியாகப் பணியாற்றிய ஜோ பிராண்டும் அவ்வழியே வந்தனர். பெண் கூறுபொருளாக இருந்த மேடையிற் பெண் கூறுபவளானாள்.

1984-85இல் நிகழ்ந்த மாபெரும் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தியது. ஓராண்டுக் காலம் போராட்டம் நிலைத்து நின்றமைக்கு, பொது அடுக்களைகளை நடத்தியும், நிதி திரட்டியும், மறியலில் நின்றும் பாடுபட்ட சுரங்கத் தொழிலாளரின் மனைவியரும் தாய்மாரும் முதன்மையான காரணராவர். செபீல்ட் நகரில் வாழ்ந்த லிண்டா ஸ்மித் என்ற இளம் நகைச்சுவைக் கலைஞர் அப்போராட்டத்துக்கு நிதிசேர்க்கும் மேடைகளில் தோன்றினார். எந்த மனைவியும் மாமியாரும் பல்லாண்டுகளாகப் பகிடிப் பொருளாயிருந்தனரோ, அவர்களே வர்க்கத்தின் முதுகெலும்பாக நின்றனர்.

அவ்வாறிருந்தும் மன்றக் கதவு எளிதில் திறக்கவில்லை. 1978இல் வேக்பீல்ட் நகரத் தொழிலாளர் மன்றத்தில் ஸ்னூக்கர் ஆடுவதற்குத் தடைவிதிக்கப்பட்ட ஷீலா கப்ஸ்ரிக் என்ற பெண் தொடங்கிய சமவுரிமைக் கிளர்ச்சி ஆண்டாண்டாக இழுபட்டது. 1975ஆம் ஆண்டுப் பால்வேறுபாட்டுத் தடைச் சட்டம் தனியார் மன்றங்களைத் தீண்டவில்லை. மன்றங்களின் ஒன்றியம் பெண்களுக்குச் சமவுரிமை வழங்கத் தீர்மானித்தது 2007ஆம் ஆண்டில். ஒன்றியம் தோன்றி 145 ஆண்டுகள் கடந்த பின்னர்!

பகிடி இத்தனைக்கும் காரணமா? காரணம் என்று கூறின் அது மிகையாகும். அமெரிக்க உளவியலாளர் தோமஸ் போர்ட் தம் சகாக்களோடு 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கருதத்தக்கது. பெண்கள்மீது ஏற்கெனவே பகைமை கொண்ட ஆண்கள், பெண்ணிழிவுப் பகிடிகளைக் கேட்டபின், பெண்கள் அமைப்பொன்றுக்குக் குறைந்த நன்கொடை வழங்கவே விரும்பினர். அதே இழிவான கருத்துகள் பகிடியாக அன்றிச் சாதாரணக் கூற்றாகச் சொல்லப்பட்டபோது அவ்விளைவு ஏற்படவில்லை. பகிடி வெறுப்பைப் படைப்பதில்லை; உள்ளே இருந்த வெறுப்புக்கு வெளியே வர அனுமதிச் சீட்டு வழங்குகின்றது. 'எல்லோரும் சிரிக்கின்றனர், நான் எண்ணுவதில் தவறில்லை' என்ற துணிவை அது கொடுக்கின்றது.

அங்ஙனமாயின் சிரிப்பையே விலக்கிவிடுவதா? அன்று. மாமியார் பகிடிகளாற் புகழ்பெற்ற லெஸ் டோசனே, ரோய் பராக்ளோவுடன் பெண்வேடமிட்டு, லங்காஷயர் நெசவாலைப் பெண்களின் பேச்சு முறையை நடித்துக் காட்டினார். தறிகளின் பேரிரைச்சலிற் குரல் கேளாமையால், உதட்டசைவினாலேயே ஒருவரோடொருவர் உரையாடப் பழகியவர்கள் அப்பெண்கள். அதைக் கண்டு சிரித்தவர் உழைப்பின் ஒரு சுவடையும் கண்டனர். ஒரே கலைஞனிடத்தும் இரு சிரிப்புகள் உண்டு. ஒன்று ஒரு மனிதரின் வாழ்வை அறிந்து பிறக்கின்றது. மற்றது அவ்வாழ்வை அறிய மறுப்பதனாற் பிறக்கின்றது.

நமது ஆசிரியர் ஓய்வறைகளிலும் சங்க விழாக்களிலும் ஒரு பகிடி சொல்லப்படும்போது, எள்ளப்பட்டவர் அம்மண்டபத்தில் எத்தகைய உரிமையோடு அமர்ந்திருக்கின்றார் என்று நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருக்குச் சிரிக்காதிருக்கும் உரிமை உண்டா? அம்மாணவியின் வினாவுக்கு நாம் கூறவேண்டிய விடை, அவ்வுரிமையை நமது மண்டபங்களில் நிலைநாட்டுவதேயாகும்.