பியர் குவளைக்குள் ஒரு வரலாறு

மது பற்றி எழுதுவதற்குத் தமிழ்ப் பத்திரிகையாளர்கள் பொதுவாகத் தயங்குவர். எழுதினால் அது கண்டனமாக இருக்கும். அல்லது நகைச்சுவையாக இருக்கும். ஆனால் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவர்களிற் பியர் அருந்துவோர் பலர் உள்ளனர். தாம் அருந்துவது எந்த ஊரில், என்ன காரணத்தினாற் பிறந்தது என்று கேட்டால் அவர்களிற் பலருக்கும் பதில் தெரிவதில்லை. எனக்குப் பிடித்த சில பியர்களை அவர்களுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன். பரிந்துரை என்றாலும் இது வரலாறுதான். குடிப்பழக்கம் இல்லாதவர்களும் இதனை வாசிக்கலாம். அவர்கள் இழப்பது எதுவுமில்லை.

முதலில் லண்டன். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரின் தெருக்களிலும் தேம்ஸ் நதிக்கரையிலும் மூட்டை சுமந்த கூலியாட்களின் பானமாக விளங்கியது ஒரு கரிய பியர். சுமைகூலிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாலேயே அது ‘போர்ட்டர்’ எனப் பெயர் பெற்றது. தொழிலாளியின் பெயரைத் தாங்கிய பானங்கள் உலகில் மிகச் சிலவே.

போர்ட்டரை அதிக அளவில் தயாரித்து நீண்டகாலம் முதிரவிடும் பொருட்டு ஆலைகள் மாபெரும் மரத்தொட்டிகளை அமைத்தன. 1814 ஒக்டோபர் 17ஆம் திகதி, டொட்டன்ஹாம் கோர்ட் வீதிக்கு அருகிலிருந்த மியூக்ஸ் கம்பனியின் ஆலையில், 22 அடி உயரமான தொட்டியொன்று வெடித்தது. பியர் வெள்ளம் சுவரை உடைத்துக்கொண்டு செயின்ட் ஜைல்ஸ் சேரிக்குள் பாய்ந்தது. எட்டுப் பேர் மாண்டனர். அனைவரும் பெண்களும் சிறுவர்களுமே. அவர்களிற் சிலர், இறந்துபோன ஒரு குழந்தையின் உடலைச் சுற்றி அமர்ந்து துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருந்த ஐரிஷ் ஏழைகள். விசாரணையில் அது விபத்து எனத் தீர்க்கப்பட்டது. ஆலை செலுத்தியிருந்த வரியை நாடாளுமன்றம் திருப்பிக் கொடுத்தது.

இச்சம்பவத்தைப் பற்றிச் சொல்வோர், தெருவில் ஓடிய பியரைச் சேரி மக்கள் அள்ளிக் குடித்துக் கூத்தாடினர் என்றும் ஒருவர் குடித்தே செத்தார் என்றும் சேர்த்துக்கொள்வதுண்டு. அக்காலப் பத்திரிகைச் செய்திகளில் இதற்கு ஆதாரம் இல்லை. இவை பிற்காலத்தில் ஒட்டப்பட்ட கதைகள். ஏழைகள் இறந்தால் அவர்களின் மரணத்தையும் கேலிக்குரியதாக்கிவிடும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. நாற்காலியில் அமர்ந்து செய்தி திருத்திய அனுபவம் உள்ளவன் என்ற முறையில் இதனை நான் அழுத்திச் சொல்கிறேன். ஃபுல்லர்ஸ் நிறுவனத்தின் லண்டன் போர்ட்டர் இப்போதும் கிடைக்கிறது. அந்த ஆலை 2019இல் ஜப்பானின் அசாஹி நிறுவனத்தின் கைக்கு மாறியபோதிலும், லண்டனின் பழைய சுவையை அறிய அதுவே நல்ல வழி.

அடுத்து, ட்ரென்ட் நதிக்கரையிலுள்ள பேர்ட்டன் நகரம். அங்குள்ள கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அந்நீர் ஹொப்ஸின் கசப்பைத் துலக்கமாகக் காட்டும். பேர்ட்டன் ஆலைகள் முன்னர் ரஷ்யாவுக்கே பெருமளவில் பியர் அனுப்பின. 1822இல் ரஷ்யா கடும் சுங்கவரி விதித்ததும் அச்சந்தை அடைபட்டது. அப்போதுதான் அவர்களின் பார்வை இந்தியாவின் மீது திரும்பியது.

அதற்கு முன்பே லண்டன் போ பகுதியில் ஆலை வைத்திருந்த ஜோர்ஜ் ஹொட்சன், கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களின் தலைவர்களுக்குக் கடனுக்குப் பியர் கொடுத்து, கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அனுப்பி வந்தார். இந்தியாவுக்கென்றே அவர் ஒரு புது வகையைக் கண்டுபிடித்தார் என்பது மிகைக்கூற்று. கசப்பு மிகுந்த அத்தகைய பியர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. ஆபிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் நீளும் கடற்பயணமே அதனை விரைந்து முதிரச்செய்தது. பேர்ட்டன் ஆலைகள் ஹொட்சனின் பியரைப் பின்பற்றிச் செய்து அவரையே மிஞ்சின. இன்று ‘இந்தியா பேல் ஏல்’ என உலகெங்கும் விற்பனையாகும் வகையின் பூர்வீகம் இதுவே. பெயரில் இந்தியா இருந்தாலும், அது இந்தியாவிலிருந்த வெள்ளையருக்காக அனுப்பப்பட்ட பானம் என்பதை மறத்தலாகாது.

பேர்ட்டனின் பாஸ் கம்பனியினது சிவப்பு முக்கோணமே பிரித்தானியாவில் முதலாவதாகப் பதிவுசெய்யப்பட்ட வர்த்தகச் சின்னமாகும். நாள் 1876 ஜனவரி 1. பிரெஞ்சு ஓவியர் மனே 1882இல் தீட்டி முடித்த ஃபோலி பெர்ஜேர் மதுக்கூட ஓவியத்திலும் அந்த முக்கோணம் தாங்கிய போத்தல்களைக் காணலாம். பேர்ட்டனுக்கே உரிய ஒரு முறையும் இருந்தது. ஓக் மரப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து, பொங்கியெழும் மதுவம் குழாய்களின் வழியே மேலுள்ள தொட்டியில் வழியுமாறு செய்வர். அம்முறையைக் கடைசிவரை பேணிய மார்ஸ்டன்ஸ் ஆலை 2024இல் அதனைக் கைவிட்டது. ஒரு தொகுதிப் பீப்பாய்களை மட்டும் டர்பிஷயரின் தோர்ன்பிரிட்ஜ் என்னும் சிறு ஆலை ஏற்றுக் காப்பாற்றியது. ஒரு தொழில்நுட்பம் அழிவதற்குப் போரோ தீயோ தேவையில்லை. கணக்காளரின் ஒரு தீர்மானம் போதும்.

மூன்றாவது, பொஹீமியாவின் பில்சன் நகரம். இன்று அது செக் குடியரசில் உள்ளது. அங்கு தயாரான பியரின் தரம் கெட்டு, 1838இல் 36 பீப்பாய்கள் நகரமண்டபத்தின் முன்னால் வீதியிற் கொட்டப்பட்டன. பியர் காய்ச்சும் உரிமை பெற்றிருந்த நகரவாசிகள் அத்துடன் நிற்கவில்லை. அனைவரும் சேர்ந்து பொதுவில் ஓர் ஆலையைக் கட்டினர். பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பவரை அழைத்துவந்தனர். வெளிறிய மோல்ட், சாட்ஸ் பகுதியின் ஹொப்ஸ், பில்சனின் மென்மையான நீர், குளிர்ந்த நிலவறைகள் ஆகியன சேர்ந்து 1842 ஒக்டோபரிற் பொன்னிறமான ஒரு பியரைத் தந்தன. உலகம் முழுவதும் இன்று விற்பனையாகும் மஞ்சள் நிற லாகர்களிற் பெரும்பகுதி அதன் வழித்தோன்றல்களே. மூலம் ‘பில்ஸ்னர் உர்குவெல்’. நுரை தடித்திருக்க, அவசரமின்றி அருந்தவேண்டியது அது.

நான்காவதாக, கோப்பன்ஹேகன். கார்ல்ஸ்பேர்க் ஆலையை 1847இல் தொடங்கிய ஜே. சி. ஜேகொப்சன், 1875இல் ஓர் ஆய்வுகூடத்தையும் நிறுவினார். பிரான்சில் லூயி பாஸ்டர், ஜேர்மனியிடம் தோற்ற தம் நாட்டின் பழிதீர்க்கும் எண்ணத்தோடு பியரை ஆராய்ந்து, 1876இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். ஆனால் கோப்பன்ஹேகன் ஆய்வுகூடம் வேறு பாதையிற் சென்றது. 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் மதுவத்தின் தனிக்கலமொன்றைப் பிரித்துத் தூய வளர்ப்பாக்கினார். பியர் கெட்டுப்போவதற்கான பெருங்காரணம் அதனால் நீங்கியது. அம்மதுவத்தைக் கார்ல்ஸ்பேர்க் பூட்டிவைக்கவில்லை. கேட்ட ஏனைய ஆலைகளுக்கும் கொடுத்தது. போட்டியாளனுக்குத் தன் மூலதனத்தையே கொடுத்த வணிகன் அரிது. கார்ல்ஸ்பேர்க்கின் சுவையை நான் பெரிதாகப் போற்றுவதில்லை. ஆனால் அந்தச் செயலை எண்ணி ஒரு குவளை அருந்தலாம்.

கார்ல்ஸ்பேர்க் ஆலையைச் சேர்ந்த கிளவுசன் என்ற அறிஞர், 1904இல் நீண்டகாலம் முதிரவிட்ட ஆங்கில ஏல்களின் சிறப்பான மணத்துக்குக் காரணமான இன்னொரு மதுவத்தை இனங்கண்டு, பிரித்தானியப் பூஞ்சை எனப் பொருள்படும் ‘பிரெட்டனோமைசிஸ்’ என்ற பெயரை இட்டார். இங்கிலாந்தின் பெரும்பாலான ஆலைகள் காலப்போக்கில் அதனைத் துரத்திவிட்டன. அது இன்று புகழோடு வாழ்வது பெல்ஜியத்தின் ஓர்வால் துறவிமடத்து பியரில். பிரெஞ்சுப் புரட்சியின்போது அழிக்கப்பட்ட அம்மடத்தை மீளக் கட்டுவதற்குப் பணம் திரட்டவே 1931இல் அங்கு ஆலை தொடங்கப்பட்டது. ட்ராப்பிஸ்ட் முத்திரை பெறுவதற்கு, பியர் மடத்தின் எல்லைக்குள் துறவிகளின் மேற்பார்வையில் தயாராக வேண்டும்; வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் அறப்பணிக்கும் செல்லவேண்டும். பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஒன்றை மட்டும் தெரிவுசெய்யச் சொன்னால் நான் ஓர்வாலையே சொல்வேன்.

பிரித்தானியாவின் பீப்பாய் ஏல் பிழைத்ததும் சாதாரண மனிதர்களால்தான். பெரும் கம்பனிகள் வாயு ஏற்றிய ஒரேமாதிரியான பியரை நாடெங்கும் பரப்பியபோது, 1971இல் நான்கு இளைஞர்கள் ‘கம்ரா’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். அவர்களுள் பத்திரிகையாளர்களும் இருந்தனர் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. பப்பில் கைப்பம்பினால் இறைத்துத் தரப்படும் ஏலைக் கேளுங்கள். அது பனிக்கட்டிபோற் குளிர்ந்திராது. நிலவறையின் குளிர்மையே அதற்குப் போதும். யோர்க்ஷயரின் ‘டிமதி டெய்லர் லாண்ட்லோர்ட்’ கிடைத்தால் தவறவிட வேண்டாம்.

பியரைப் பற்றி வைன் அளவுக்கு மரியாதையோடு எழுதலாம் என்று காட்டிய மைக்கல் ஜாக்சனும் (பாடகர் அல்லர்) பத்திரிகையாளரே. 1977இல் உலக பியர்களுக்கான வழிகாட்டி நூலை வெளியிட்ட அவர் 2007இல் காலமானார். அவர் இலங்கைக்கும் வந்தார். நைல் நதி ஆய்வாற் பின்னர் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிற் தொடங்கிவைத்த பியர்த் தொழிலின் வழிவந்த லயன் ஸ்ரவுட்டை அவர் உலகுக்கு எடுத்துச் சொன்னார். லண்டன் கூலியாளின் கரிய பானம் மலைநாட்டில் தங்கிவிட்டதை உள்ளூர்வாசிகளுக்கு ஓர் ஆங்கிலேயர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மதுவில் ஆபத்தற்ற அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மதுவினாற் சிதைந்த குடும்பங்களை நம் சமூகத்தில் நானும் கண்டிருக்கிறேன். ஆகவே, குடியாதவர் எவரையும் குடிக்கும்படி நான் கேட்கவில்லை. குடிப்பவர்களிடம் மட்டும் ஒன்று சொல்வேன்: ஆறு குவளைகளின் இடத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று அறிந்து அருந்துங்கள். செயின்ட் ஜைல்ஸ் சேரியில் மூழ்கி இறந்தவர்களுக்கு அது ஒரு சிறு அஞ்சலியாகவும் இருக்கட்டும்.