யார் சொன்ன வரலாறு? சிறுவருக்கான எடுத்துரை வரலாறும் புதுச்சேரிச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

சிறுவருக்காகக் கதைபோல எழுதப்படும் வரலாற்று நூல்கள் பாடநூலுக்குத் துணையானவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. பாடநூல்கள் பிறவிடங்களில் வகுக்கப்பட்டு வந்துசேரும் புதுச்சேரி போன்றதொரு நகரில் அவற்றின் பணி அதனினும் பெரிது. லவீஸ், நேரு, கோம்பிரிக் ஆகியோரின் நூல்கள்வழி எடுத்துரை வரலாற்றின் இரு போக்குகளை இக்கட்டுரை இனங்காண்கிறது. அரிக்கமேட்டு அகழாய்வு, ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு ஆகிய இரு சான்றுகளைக் கொண்டு, செய்தியைச் சொன்னவர் யார் என்பதை மறைக்காத கதையே சிறுவருக்கு ஏற்ற வரலாறு என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுவர் இலக்கியம், எடுத்துரை வரலாறு, புதுச்சேரி, ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு, அரிக்கமேடு, வரலாற்றுக் கல்வி.

முன்னுரை

புதுச்சேரியின் கடைத்தெருக்களுள் முதன்மையான நேரு வீதி, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் துய்ப்ளெக்சின் பெயரைத் தாங்கியிருந்தது. அவருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் பெயரை ரங்கப்பிள்ளை வீதி இன்றும் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் இவ்வீதிகளைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவர்க்குத் துய்ப்ளெக்ஸ் யார், ரங்கப்பிள்ளை யார், வீதியின் பெயர் ஏன் மாறியது என்னும் ஐயங்கள் எழுவது இயல்பு. கர்நாடகப் போர்கள் பற்றிய பாடம் ஆங்கிலேயர் வென்றனர், பிரெஞ்சுக்காரர் தோற்றனர் என்று முடிந்துவிடுகிறது. அப்போர்களின்போது இவ்வூரில் வாழ்ந்த மக்கள் என்ன ஆயினர் என்பதற்கு அங்கே இடமில்லை.

அவ்விடத்தை நிரப்பவல்லது எடுத்துரை வரலாறு. நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் தொகுத்துத் தருவதோடு நில்லாமல், மனிதர், இடம், காரணம், விளைவு ஆகியவற்றைக் கதையோட்டத்தில் இணைத்துச் சொல்லும் எழுத்துமுறையை இப்பெயரால் இக்கட்டுரை சுட்டுகிறது. கற்பனை மாந்தரைப் படைத்துக்கொள்ளும் வரலாற்றுப் புதினத்தினின்று இது வேறுபட்டது. எனினும் கதை சொல்வதாலேயே நேரும் ஓர் இடர் இதற்கும் உண்டு. கதை ஓடவேண்டும் என்பதற்காகச் சான்றின் ஐயங்கள் மறைக்கப்படலாம். தீயவர் ஒருவர் தேவை என்பதற்காக ஒரு சமூகமே தீயதாகக் காட்டப்படலாம். படிப்பவர் சிறுவராயிருப்பதால் இவ்விடர் மிகுகிறது.

இரு போக்குகள்

பிரான்சில் 1881, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் சமயச் சார்பற்றதாகவும் ஆக்கின. அக்கல்வியின் முகமாக விளங்கியவை எர்னஸ்ட் லவீஸ் எழுதிய பிரான்சு வரலாற்றுச் சிறுநூல்கள். கால் இனத்தவரை முன்னோராகக் கொண்டு தொடங்கி, வீரர்களின் கதைகள்வழியே குடியரசில் வந்து நிறையும் ஒரே நேர்கோடு அவற்றின் அமைப்பு. 1877இல் ஜி. புரூனோ என்னும் புனைபெயரில் ஒகுஸ்தின் ஃபுய்யே வெளியிட்ட நூலும் இவ்வகையைச் சாரும். 1871இல் பிரான்சு இழந்த லொரேன் பகுதியிலிருந்து புறப்படும் அனாதைச் சகோதரர் இருவர் நாடு முழுவதும் சுற்றி வருவதாக அமைந்த அந்நூல், நாட்டுப்பற்றைப் பயணக் கதையாக ஊட்டியது. இவ்வகை நூல்களில் கதை சொல்பவர் ஐயுறுவதில்லை. சான்று எது என்று சிறுவர் கேட்கவும் வாய்ப்பில்லை.

இதற்கு மாறான போக்கு ஜவாகர்லால் நேருவின் கடிதங்களில் உள்ளது. 1928ஆம் ஆண்டுக் கோடையில் முசௌரியிலிருந்த பத்து வயது இந்திராவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1929இல் நூலாயின. கூழாங்கல் ஒன்று எவ்வாறு வழவழப்பானது என்று ஆராய்வதைக்கொண்டே அந்நூல் உலகின் பழங்கதைக்குள் நுழைகிறது. ஏடுகள் இல்லாத காலத்தை எவ்வாறு அறிகிறோம் என்பதே அங்கு முதற்பாடம். பின்னர் 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் உலக வரலாறாக விரிந்தன. தமிழில் ஓ. வி. அளகேசனின் மொழிபெயர்ப்பில் ‘உலக சரித்திரம்’ என வழங்குவது இந்நூலே. நூலகம் இல்லாத சிறையில், கைவசமிருந்த குறிப்பேடுகளைக்கொண்டு எழுதுவதை நேரு மறைக்கவில்லை. கடிதம் என்னும் வடிவமே சொல்பவர் யார், எங்கிருந்து சொல்கிறார் என்பதைத் தொடர்ந்து நினைவூட்டுகிறது.

எர்ன்ஸ்ட் கோம்பிரிக் வியன்னாவில் தம் இளமையில் சில வாரங்களில் எழுதி 1935இல் வெளியிட்ட சிற்றுலக வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த பதிப்பில் அவர் புதிய நிறைவியல் ஒன்றைச் சேர்த்து, முதல் உலகப் போரின் முடிவைப் பற்றித் தாம் முன்பு எழுதியது பிழை என ஏற்றுக்கொண்டார். பழைய பகுதியைச் சத்தமின்றித் திருத்தியிருந்தால் பிழை மட்டுமே நீங்கியிருக்கும். பிழையைச் சுட்டிக்காட்டியதால், வரலாறு திருத்தத்துக்கு உரியது என்னும் அறிவும் சிறுவரைச் சேர்ந்தது.

புதுச்சேரியும் பாடநூலும்

பிரெஞ்சு ஆட்சியில் பிரெஞ்சு வழியே பயின்ற புதுச்சேரி மாணவர் பிரான்சின் வரலாற்றைத் தம் வரலாறாகக் கற்றனர். இணைப்புக்குப் பின் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றின. அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. பாரிசு, சென்னை, தில்லி என மையம் மாறியதேயன்றி, பாடநூல் வெளியிலிருந்து வரும் நிலை மாறவில்லை.

இதனால் விளையும் இடைவெளியை ஓர் ஆண்டைக்கொண்டே விளக்கலாம். இந்திய விடுதலையின் கதை பாடநூல்களில் 1947 ஆகஸ்டு 15இல் உச்சமடைகிறது. அந்நாளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர், எண்மர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16இல்தான் நிறைவுற்றது. 1936 சூலை 30இல் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுடப்பட்டு இறந்த நிகழ்ச்சியும் இவ்வூர் விடுதலைக் கதையின் பிரிக்கவியலாத பகுதி. 1947உடன் முடியும் கதையைப் படிக்கும் புதுச்சேரிச் சிறுவர், தம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த காலத்தை அதில் காண இயலாது. எட்டுப் பேர் ஏன் எதிர்த்து வாக்களித்தனர் என்னும் வினாவும் அக்கதைக்குள் எழாது.

அரிக்கமேடு: திருத்தப்படும் கதை

புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு, சிறுவருக்கான வரலாற்றின் தொடக்க இயலாக அமையத்தக்கது. 1937ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அவ்வூர்ச் சிறுவர்களிடமிருந்து பழைய மணிக்கற்களை விலைக்கு வாங்கினார். மண்மேல் கிடந்தவற்றையும் திரட்டினார். அவ்வாறு கிடைத்தவற்றுள் ஆண் தலை செதுக்கப்பட்ட கல் ஒன்றினை உரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவமென அவர் கருதினார். இவ்வூரின் தொன்மையை உலகறியச் செய்த பொருள்களுள் சில முதலில் சிறுவர் கைகளில் இருந்தன என்னும் செய்தியே படிக்கும் சிறுவரை ஈர்க்கப் போதியது.

1945இல் இங்கு அகழாய்ந்த மார்டிமர் வீலர் மதுச்சாடிகளையும் இத்தாலிய மட்கலங்களையும் கண்டெடுத்து, இதனை உரோம வணிகத் தொடர்பால் எழுந்த நிலையமாக விளக்கினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, உரோமத் தொடர்புக்கு முன்னரே இங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டியது. கதையின் முதன்மை மாந்தர் இதனால் மாறுகின்றனர். கடல் கடந்து வந்தோர் உருவாக்கிய ஊர் என்னும் கதை, உள்ளூரார் வாழ்ந்த ஊருக்குக் கடல்வணிகர் வந்து சேர்ந்தனர் என்னும் கதையாகிறது. இரண்டாவது முடிவை மட்டும் சொல்லும் நூல் சரியான செய்தியைத் தருகிறது. முதற்கருத்தையும், அது மாறிய காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் நூல் வரலாற்று முறையியலையே கற்பிக்கிறது. கீழடியைக் களமாகக்கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. அகழாய்வுச் செய்திகள் தமிழ்ச் சிறுவர் எழுத்துக்குப் பொருளாக வல்லவை என்பதற்கு அந்நூல் சான்று.

நாட்குறிப்பு என்னும் சாட்சி

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு கிடைத்தற்கரிய சான்று. 1709இல் பிறந்த பிள்ளை 1736 முதல் 1761 வரையிலான செய்திகளை, இடைவெளிகள் சில இருப்பினும், தமிழில் எழுதிவைத்தார். 1846இல் கலுவா மோம்பிரோன் இதனைக் கண்டறிந்து வெளியுலகுக்குக் கொணர்ந்தார். சென்னை அரசின் முயற்சியால் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பிரபஞ்சன் இதனை அடியொற்றி ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய புதினங்களைப் படைத்தார். பின்னது 1995ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

சிறுவர் எழுத்துக்கு வேண்டிய நுண்விவரங்கள் இதில் நிறைந்துள்ளன. கப்பல் வந்த வேளை, வரவேற்புக்காக முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை, துணி வணிகம், ஊரில் உலவிய வதந்தி, ஆளுநரின் சினம் என ஒவ்வொன்றும் காட்சியாக விரிகிறது. ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையும் பதிவாகியுள்ளது. பிரெஞ்சு, தெலுங்கு, பாரசீகச் சொற்கள் கலந்த பேச்சு வழக்குத் தமிழ், அக்காலத் துறைமுகத்தின் ஒலியைக் காதில் விழச் செய்கிறது.

ஆயினும் பிள்ளை ஊரின் பொதுக்குரலாகார். அவர் செல்வம் மிக்க வணிகர். 1747 முதல் தலைமைத் துபாஷி. போட்டியாளர்மேல் பகையும் ஆளுநரிடம் நன்மதிப்பும் உடையவர். கப்பலேற்றப்பட்ட அடிமையின் குரல் நாட்குறிப்பில் இல்லை. அவரைப் பற்றிப் பிள்ளை கேட்டறிந்த செய்தியே உள்ளது. சிறுவர் நூலின் ஆசிரியர் இதனை ஓரிரு எளிய தொடர்களில் சொல்லிவிடலாம். இதனை எழுதியவர் யாரிடம் வேலை பார்த்தார், எதை நேரில் கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்னும் மூன்று வினாக்கள் பத்து வயதுச் சிறுவர்க்கும் விளங்கக்கூடியவையே.

1748: சொல்லக் கடினமான நிகழ்ச்சி

இம்முறையின் பயன் எளிய செய்திகளில் வெளிப்படுவதைவிடக் கடினமான செய்தியில்தான் தெளிவாக வெளிப்படும். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயரின் முற்றுகை நடந்துகொண்டிருந்த வேளையில், புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. சம்பாக் கோயிலை அடுத்திருந்த அதனை அகற்றவேண்டுமெனச் சேசு சபைக் குருமார் நெடுங்காலம் வற்புறுத்திவந்தனர். பிள்ளை இதனை மிகுந்த வேதனையோடு பதிவு செய்கிறார். துய்ப்ளெக்சின் மனைவியை அவர் குற்றம்சாட்டுகிறார். எதிர்த்து நில்லாத தம்மவர்மேலும் மனக்குறை கொள்கிறார். அருகிலிருந்த மசூதியையும் இடிக்க முற்பட்டபோது, சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் தடுத்தமையால் அது கைவிடப்பட்டதெனவும் குறிக்கிறார்.

இந்நிகழ்ச்சியைச் சிறுவர்க்குச் சொல்வதில் இருவகைத் தவறுகள் நேரலாம். மன நோவு தரும் என அஞ்சி அறவே விட்டுவிடுவது ஒன்று. அவ்வாறு விட்டால், பிற்காலத்தில் காழ்ப்புணர்வோடு சொல்பவரிடமிருந்தே சிறுவர் இதனை முதன்முதலாகக் கேட்க நேரும். ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாருக்குச் செய்த கேடு எனச் சுருக்கிவிடுவது மற்றொன்று. லவீசின் நேர்கோட்டு முறை இவ்விடத்தில் இரண்டாம் தவற்றுக்கே இட்டுச்செல்லும். ஐயமற்ற கதைக்கு ஐயமற்ற பகைவர் தேவைப்படுகிறார்.

நாட்குறிப்பைச் சாட்சியாக முன்நிறுத்தும் முறையில் கதை வேறாகிறது. ஆணையிட்டவர், தூண்டியவர், இடித்தவர், அஞ்சி ஒதுங்கியவர், மனம் வெதும்பி எழுதியவர் ஆகிய அனைவரும் தனி மனிதராகத் தோன்றுகின்றனர். கோயிலைக் காக்க இயலாத ஆளுநரின் துபாஷியும் மசூதியைக் காக்க இயன்ற படைத்தலைவரும் ஒரே பக்கத்தில் நிற்கும்போது, போர்க்காலத்தில் யாருடைய சொல்லுக்கு வலுவிருந்தது என்பதைச் சிறுவர் தாமே உய்த்துணர்வர். பிள்ளையின் சினத்தை அவர் சினமாகவே காட்டும் நூல், அதனைப் படிப்பவரின் சினமாக மாற்றுவதில்லை. இன்று சம்பாக் கோயிலுக்கும் மீண்டும் எழுப்பப்பட்ட வேதபுரீசுவரர் கோயிலுக்கும் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கின்றனர். இருவருக்கும் ஒரே பக்கத்தை வாசித்துக்காட்ட இயலுமா என்பதே அந்நூலுக்கான உரைகல்.

முடிவுரை

வெளியிலிருந்து வகுக்கப்படும் பாடநூலில் ஒரு சிற்றூரின் அல்லது சிறுநகரின் வரலாறு முழுமையாக இடம்பெறும் என எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே புதுச்சேரியில் சிறுவருக்கான எடுத்துரை வரலாறு, ஊர் தன்னைத் தானே அறிந்துகொள்ளும் வழியாகிறது. அதற்கு வேண்டிய மூலங்கள் இவ்வூரிடம் உள்ளன. நேரு, கோம்பிரிக் ஆகியோரின் நூல்கள் முறைக்கு வழிகாட்டுகின்றன. அரிக்கமேடு கதை திருத்தப்படுவதையும், நாட்குறிப்பு கதைக்குச் சொல்பவர் ஒருவர் இருப்பதையும், கீழூர் வாக்கெடுப்பு மாற்றுக் கருத்தினரும் வரலாற்றில் உண்டு என்பதையும் கற்பிக்கின்றன.

சிறுவர் வரலாற்று நூல்களை ஆராய்வோர் மொழி எளிமை, படங்கள், நீதி ஆகியவற்றோடு, செய்தியின் மூலத்தைச் சிறுவர்க்கு அறிவிக்கும் பாங்கினையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். புதுச்சேரிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இணைந்து நாட்குறிப்பிலிருந்து சில நாள்களைத் தெரிந்தெடுத்து, எளிய குறிப்புகளுடன் வகுப்பறையில் வாசிக்கச் செய்து, சிறுவர் எழுப்பும் வினாக்களைத் தொகுப்பின், எழுதப்படவேண்டிய நூலின் வடிவம் அவ்வினாக்களிலிருந்தே புலப்படும்.