பெரட்டும் கைக்கடிகாரமும்: ஊவாத் தோட்டங்களில் விழுந்தவரை அறிந்த வரலாறு

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்பது பிறருக்குத் தெரியவரும் வழி, நெடுங்காலமாக ஆளெண்ணும் முறையோடு பிணைந்தே இருந்துவந்துள்ளது. விடியற்காலையில் தொழிலாளர் கூடி அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்ளும் பெரட்டு, செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் பேர் போடுதல், மலையில் நாளுக்கு இரண்டு மூன்று முறை நடக்கும் கொழுந்து நிறுவை என, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தொழிலாளி ஒரே பகலில் பலமுறை எண்ணப்பட்டார். இந்த எண்ணிக்கை கூலியைக் கணக்கிடவும், வேலை குறைந்தால் அதை அரைப்பேராக, அதாவது அரைநாட் கூலியாக, வெட்டவுமே ஏற்பட்டது. ஆயினும், மழைநீர் வடியச் சரிவில் வெட்டப்பட்ட கானில் இடறி விழுந்து நிறுவைக்கு வராமற்போன பெண்ணைச் சில மணி நேரத்துக்குள் தேட வைத்ததும் அதுவே.

சட்டமும் இந்த வழியிலேயே நடந்தது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டத்தில் தொடங்கி, 1880இலும் 1912இலும் தொடர்ந்த சட்டங்கள், தோட்டத்தில் யார் நோயுற்றிருக்கிறார் என்பதை அறிந்துகொள்வதையும் உடனடி உதவி செய்வதையும் துரை எனப்பட்ட தோட்ட அத்தியட்சகரின் கடமைகளுள் சேர்த்தன. கருணையைவிட, கடல் கடந்து கொண்டுவந்த உழைப்பாளரை இழந்துவிடக் கூடாது என்ற கணக்கே இச்சட்டங்களில் மேலோங்கியிருந்தது என்று கருத இடமுண்டு. செக்ரோலிலிருந்து பேர் நீங்கிய முதியவர் அந்தக் கணக்குக்கு வெளியே போனார்.

அவருக்கு எஞ்சியது லயம். ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட, காம்பரா எனப்படும் அறைகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அக்கட்டடத்தில், ஒரு சுவருக்கு அப்பால் இருமுவதும் பாத்திரம் உருள்வதும் அடுத்த குடும்பத்துக்குக் கேட்டது. இட நெருக்கடியின் கொடுமையால் விளைந்த, ஒலி கேட்கும் இந்த நிலையைச் சமூக ஒற்றுமை என்று புகழ்வது பொருந்தாது. எனினும் இரவில் அது பயன்பட்டது. பகலிலோ நிலைமை வேறு. வேலைக்காரர் மலையேறி, கைக்குழந்தைகள் பிள்ளைக்காம்பரா எனப்படும் காப்பகத்துக்குப் போன பின்பு, லயத்தில் இருப்பவர் பெரும்பாலும் முதியவரே. பாசி படிந்த படியில் இறங்கிப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதோ, லயத்துக்கு அப்பாலுள்ள மலசலகூடத்துக்கு நடக்கும்போதோ காலை ஒன்பது மணிக்கு விழுந்தவர், கொழுந்தெடுப்பவர்கள் திரும்பும் வரை அங்கேயே கிடக்க நேரிடும். விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ இயலாமற் கிடப்பதை மருத்துவர்கள் தனியான ஆபத்தாகவே கருதுகின்றனர். எலும்பு முறியாவிட்டாலும், உடல் எடையால் நசுங்கிய தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம், நீரிழப்பும் உடல் குளிர்தலும் நேரலாம். அப்புத்தளை போன்ற குளிர்மிகு உயரங்களில் இவற்றுள் கடைசியானது சிறிய விடயமன்று.

பிற்காலத்தில் இளையோர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைதேடிச் சென்றதாலும், லயங்களுக்குப் பதிலாகத் தனிவீடுகள் எழத் தொடங்கியதாலும் சுவரின் காவலும் தளர்ந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்த பின்னர் தனிவீட்டின் தேவையை எவரும் மறுக்க இயலாது. ஆனால் தனிவீட்டில் விழும் ஓசை அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே உடலில் அணியும் கருவிகள் முன்வைக்கப்படுகின்றன. 1970களில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பரவிய அவசர அழைப்பு முறையில், விழுந்தவரே பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. நினைவிழந்தவருக்கு அது பயன்படவில்லை. பின்வந்த கருவிகள், வேகம் மாறும் வீதத்தை அளக்கும் ஆர்முடுகல்மானியைக் கொண்டு, உடல் ஒரு கணம் எடையற்றதுபோல் கீழிறங்குவதையும், அதையடுத்த திடீர் மோதலையும், அதன் பின்னரான அசைவின்மையையும் ஒருசேரக் கண்டால் அதை வீழ்ச்சி என முடிவுசெய்கின்றன. 2018இல் வெளிவந்த ஆப்பிள் கைக்கடிகார வகை, அணிந்தவர் பலமாக விழுந்தபின் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாதிருந்தால் தானாகவே அவசர சேவையை அழைக்கும் வசதியுடன் வந்தது. ஆயினும் இத்தகைய கணிப்புகள் பலவும், ஆய்வுகூடத்து மெத்தைகளில் இளம் தன்னார்வலர் விழுந்து காட்டிய தரவுகளிலிருந்து உருவானவை. குனிந்த முதுகுடன் செங்குத்தான படிகளில் தடதடவென இறங்கும் ஊவாக் கிழவியின் நடை அவற்றுள் இல்லை. இறங்குவதை விழுவதாகவும், சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிவதை உட்காருவதாகவும் கருவி பிழையாக உணரக்கூடும்.

அழைப்பு சரியாகவே போனாலும், அதை ஏற்று வருபவர் யார் என்ற கேள்வி நிற்கிறது. முன்பு கொழுந்து லொறியில் நோயாளரை ஏற்றிச்சென்ற தோட்டங்களுக்கு, 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 என்னும் அழைப்பெண் கொண்ட இலவச அம்புலன்ஸ் சேவை இன்று உண்டு. வாகனம் ஏறாத லயப் பாதைகளில் மட்டும், பெரிய வீதி வரை ஆளைத் தூக்கிச் செல்ல நான்கு தோள்கள் வேண்டும். ஆகவே இங்கு இத்தகைய கருவியை அமைப்பவர், அதன் முதல் அழைப்பை அடுத்த வீட்டுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குமே அனுப்ப வேண்டும். கொழும்பிலுள்ள மகனின் கைத்தொலைபேசி உடனே ஒலித்தாலும், அங்கிருந்து பதுளைக்கு ரயில் வந்துசேர ஏறத்தாழ பத்து மணி நேரம் பிடிக்கிறது.